பிங் அடித்தால் பதில் போகிறதா? எந்தப் பெட்டி பேசுகிறது என்று முதலில் பாருங்கள்

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த போன் வந்துவிடும். "அண்ணே, ஷீல்ட்ஸ்அப்ல டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். போர்ட் எல்லாம் பச்சையா இருக்கு, பிங் மட்டும் ஃபெயில்டுன்னு சிவப்புல வருது. ஃபயர்வால் ஆன்லதான் இருக்கு."

ஷீல்ட்ஸ்அப் என்பது வெளியிலிருந்து உங்கள் இணைப்பைத் தட்டிப் பார்க்கும் ஒரு சோதனைத் தளம். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கேட்டு அனுப்பும் சின்னச் சேதி; அதற்கு உங்கள் பக்கமிருந்து பதில் போனால் அந்தத் தளம் ஃபெயில்டு என்று காட்டும். போன் போடுவதற்குள் பாதிப் பேர் விண்டோஸ் ஃபயர்வாலை (உள்ளே வருவதை வடிகட்டும் அமைப்பு) திறந்து நாலைந்து விதிகளைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். சிவப்பு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து வரும் பிங் உங்கள் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் மூன்று இடங்களைத் தாண்ட வேண்டும்: நெட் கம்பெனியின் கருவி, சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டி (ஓஎன்டி), அப்புறம் வைஃபை ரவுட்டர். சில வீடுகளில் கடைசி இரண்டும் ஒரே பெட்டி. இவற்றில் எது பதில் சொல்கிறது என்று தெரியாமல் எதிலும் கைவைக்காதீர்கள். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

## முதலில் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள்

வீட்டுக்குள் இருந்தபடி சொந்த ஐபிக்கு (உங்கள் இணைப்பின் இன்டர்நெட் முகவரி) பிங் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. ரவுட்டரில் என்ன அமைப்பு போட்டிருந்தாலும், உள்ளே இருப்பவருக்கு அது பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் தனக்குத்தானே அடித்துக்கொள்ளும் பிங்கும் கணக்கில் வராது.

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவை ஆன் செய்யுங்கள். ஏதாவது ஒரு பிங் ஆப் போதும். முதலில் 8.8.8.8-க்கு அடியுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். அதற்கே பதில் வரவில்லை என்றால் போனிலோ ஆப்பிலோதான் கோளாறு, மேலே போக வேண்டாம். பதில் வந்தால் உங்கள் வீட்டு ஐபியை அடியுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடினாலே அது கிடைத்துவிடும்.

கம்ப்யூட்டரில் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) ஓடினால் அதை அணைத்துவிட்டுத் தேடுங்கள். விபிஎன் ஆனில் இருந்தால் அந்தப் பக்கம் காட்டுவது விபிஎன் சர்வரின் முகவரி. பதில் சொல்வதும் அந்த சர்வர்தான். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு தம்பிக்கு விஷயம் இவ்வளவுதான் இருந்தது.

பதில் வரும்போது பக்கத்தில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் தன் பதிலை 128-இல் தொடங்கும். லினக்ஸ், மேக், பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 64-இல் தொடங்கும். பெரிய நெட்வொர்க் கருவிகள் பல 255-இல் தொடங்கும். வழியில் தாண்டும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒன்று குறையும். போன வாரம் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் டிடிஎல் 53. அவரிடம் இருப்பது விண்டோஸ் மட்டும். 128-இல் தொடங்கி 53-க்கு வர வேண்டுமென்றால் நடுவில் 75 ரவுட்டர் இருக்க வேண்டும். ஒரே ஊருக்குள் அப்படி இருக்காது. 64-இல் தொடங்கி 11 தாண்டி வந்திருக்கிறது என்றால் கணக்கு சரியாகிறது. ஆக, பதில் சொன்னது ரவுட்டர். இது ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம். உறுதி செய்ய அடுத்த படி: போனில் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யுங்கள்.

## அறிகுறி: கம்ப்யூட்டரை அணைத்தும் பதில் வருகிறது

எனக்கு வரும் போன்களில் பெரும்பங்கு இந்த வகைதான். கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள், அதில் செய்ய ஒன்றுமில்லை.

செலவில்லாத வழி, ரவுட்டர் அமைப்பு. பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போங்கள். முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். செக்யூரிட்டி, ஃபயர்வால், அட்வான்ஸ்டு ஆகிய மூன்றில் ஏதோ ஒரு மெனுவுக்குள் "வான் பிங்" என்ற சொல்லோடு ஒரு டிக் பெட்டி இருக்கும். வான் என்றால் ரவுட்டரின் வெளிப்பக்கம், அதாவது இன்டர்நெட் பக்கம். அதன் பெயரை நிதானமாகப் படியுங்கள். "ரெஸ்பாண்ட் டு பிங்" என்று இருந்தால் டிக்கை எடுக்க வேண்டும். "பிளாக் பிங்" அல்லது "டிஸ்கார்ட் பிங்" என்று இருந்தால் டிக் போட வேண்டும். அவசரத்தில் தலைகீழாகச் செய்துவிட்டு "மாத்திட்டேன், ஆனா வேலை செய்யல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

சேவ் கொடுங்கள். மறுபடி போனிலிருந்து மொபைல் டேட்டாவில் பிங்.

உள்ளே போனதுதான் போனீர்கள், ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பையும் பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் லாகின் பக்கத்தை இன்டர்நெட் பக்கம் திறந்து வைப்பது அதுதான். அது ஆனில் இருந்து, பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் இருந்ததாகவே இருந்தால், பிங்கைவிட நூறு மடங்கு கவலைப்பட வேண்டிய விஷயம் அது. பிங் போனால் "இங்கே ஆள் இருக்கிறார்" என்று மட்டும்தான் தெரியும். இது வாசற்கதவே திறந்து கிடப்பது மாதிரி.

இரண்டு பெட்டி இருந்தால். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். அது 192.168 என்று தொடங்கினால், இந்த ரவுட்டருக்கு முன்னால் ஓஎன்டியும் ரவுட்டர் வேலை பார்க்கிறது. வெளியில் பதில் சொல்வது அதுதான். மேலே சொன்ன டிக் பெட்டியை ஓஎன்டிக்குள் தேட வேண்டும்.

கையை எடுக்க வேண்டிய இடம். பல ஓஎன்டிகளில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் லாகினில் ஃபயர்வால் மெனுவே தெரியாது. முழு அட்மின் பாஸ்வேர்டு நெட் கொடுத்தவரிடம் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பாஸ்வேர்டு பட்டியலை வைத்து முயன்று பார்க்காதீர்கள். ஒரு வீட்டில் அப்படி உள்ளே போய், விலான் எண்ணை (நெட் கம்பெனி தன் லைனுக்கு வைத்திருக்கும் எண்) மாற்றி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேபிள்காரரையோ கஸ்டமர் கேரையோ கூப்பிட்டு, "வான் பக்கம் பிங் ரெஸ்பான்ஸை ஆஃப் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். முடியாது என்றால் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லலாம். அப்போது உங்கள் ரவுட்டரே நேராக வெளியில் நிற்கும், அமைப்பும் உங்கள் கையில். பிரிட்ஜில் போட்டபின் பிபிபிஓஇ (நெட் கம்பெனிக்குள் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டை உங்கள் ரவுட்டரில் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். அந்த ஆள் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அதைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ரவுட்டரையும் ஓஎன்டியையும் அணைத்தாயிற்று, இன்னும் பதில் வருகிறது

பயப்பட வேண்டாம், பேயும் இல்லை பிசாசும் இல்லை. நீங்கள் பொது ஐபியைத் தெருவோடு பகிர்ந்துகொள்கிறீர்கள்.

ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிகள் போதாததால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நெட் கம்பெனிகள் வைக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். உறுதி செய்ய, ரவுட்டர் காட்டும் வான் ஐபியையும் "வாட் இஸ் மை ஐபி" காட்டும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு, வான் ஐபி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருக்கிறது என்றால் சந்தேகமே இல்லை. அந்த வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில கம்பெனிகள் 10 என்று தொடங்கும் முகவரியையும் இதற்குப் பயன்படுத்துகின்றன.

அப்படியென்றால் பதில் சொல்வது கம்பெனியின் கருவி. நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. வெளியிலிருந்து அடிக்கும் பிங் உங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. சோதனைத் தளத்தின் சிவப்பு உங்களைப் பற்றியது அல்ல. தனியாக ஸ்டாட்டிக் ஐபி வாங்கினால் சிவப்பைப் பச்சையாக்கலாம். ஆனால் காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி வாங்கி, இப்போது மறைவில் இருக்கும் வீட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்து, பிறகு அதை மறைப்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேமரா பார்க்க, சர்வர் வைக்க என்று வேறு காரணம் இருந்தால் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் வகை என்றால், ரவுட்டரை அணைத்துச் சில நிமிடங்களில் அந்த முகவரி வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதனால் அணைத்த முதல் நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: கம்ப்யூட்டரை அணைத்ததும் பதில் நின்றுவிடுகிறது

இப்போதுதான் கம்ப்யூட்டர் பக்கம் வர வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: ரவுட்டரைத் தாண்டி பிங் எப்படி உள்ளே வந்தது? ஒன்று, கம்ப்யூட்டரிலேயே நேராக பிபிபிஓஇ டயல் செய்கிறீர்கள். இல்லையென்றால் ரவுட்டரில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குத் தள்ளும் அமைப்பு) என்ற இடத்தில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி இருக்கிறது. கேம் விளையாடும் பையன்கள் "நாட் டைப் ஓபன் ஆகணும்" என்று போட்டுவிட்டு மறந்துவிடுவது இது. அதை எடுத்துவிட்டால் பிங் மட்டுமல்லாமல் மற்ற எல்லாமும் ரவுட்டரிலேயே நின்றுவிடும். நேராக டயல் செய்பவர்கள் ஒரு சாதாரண ரவுட்டர் வாங்கி நடுவில் வைப்பது நல்லது.

இரண்டும் இல்லை, அல்லது மாற்ற முடியாது என்றால், விண்டோஸில் இந்த வரிசையில் போங்கள்:

1. செட்டிங்ஸ், நெட்வொர்க், உங்கள் இணைப்பு. அங்கே புரொஃபைல் "பிரைவேட்" என்று இருந்தால் "பப்ளிக்" ஆக்குங்கள். பெயரைப் பார்த்து ஊருக்கே திறந்துவிடுகிறோமோ என்று பலர் தயங்குகிறார்கள். பப்ளிக் என்றால் "நான் பொது இடத்தில் இருக்கிறேன், யாரையும் நம்பாதே" என்று பொருள். இரண்டில் கெடுபிடி அதுதான்.

2. தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால், ஃபயர்வால் வேலையை அது எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது விண்டோஸ் ஃபயர்வாலில் என்ன செய்தாலும் ஏறாது. அமைப்பை ஆன்டிவைரஸுக்குள் தேடுங்கள்.

3. விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அமுக்கி, போனில் நான் சொல்வது மாதிரியே "டபிள்யூ, எஃப், புள்ளி, எம், எஸ், சி" என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் "எக்கோ ரிக்வெஸ்ட்" (பிங்கின் இன்னொரு பெயர்) என்ற சொல் வரும் விதிகளைப் பாருங்கள். ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் என்று தொடங்குபவை முக்கியம். பச்சை டிக் இருந்தால் இயங்குகிறது. வலது கிளிக், டிசேபிள் ரூல். பிரின்டரை யாருக்கும் பகிரவில்லை என்றால் இழப்பு ஒன்றுமில்லை.

4. அதற்கும் அடங்கவில்லை என்றால் தடை விதி. நியூ ரூல், கஸ்டம், ஆல் புரோகிராம்ஸ், புரோட்டோகால் என்ற இடத்தில் ஐசிஎம்பிவி4 (பிங் உள்ளிட்ட சேதிகள் போகும் முறை). அதே பக்கத்தில் கஸ்டமைஸ் என்ற பட்டனை அமுக்கி, "ஸ்பெசிஃபிக் ஐசிஎம்பி டைப்ஸ்" என்பதில் எக்கோ ரிக்வெஸ்ட் ஒன்றுக்கு மட்டும் டிக். பிறகு பிளாக் த கனெக்ஷன். விண்டோஸில் அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். எனவே வீட்டுக்குள் இருப்பவர்களின் பிங்கும் நின்றுபோகும், தெரிந்தே போடுங்கள்.

மேக்கில் இவ்வளவு சுற்றல் இல்லை. நெட்வொர்க் அமைப்பில் ஃபயர்வாலை ஆன் செய்து, ஆப்ஷன்ஸுக்குள் ஸ்டெல்த் மோடை ஆன் செய்தால் முடிந்தது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டு "பிங் ஏன் இன்னும் போகுது" என்று கேட்பார்கள். யுஎஃப்டபிள்யூ பிங்கை அனுமதித்தே வருகிறது. அதன் "பிஃபோர் ரூல்ஸ்" கோப்பைத் திறந்து, இன்புட் பகுதியில் எக்கோ ரிக்வெஸ்ட் என்று இருக்கும் வரியின் முடிவில் உள்ள அக்செப்ட் என்பதை டிராப் ஆக்கி, ரீலோட் கொடுக்க வேண்டும்.

நீங்கள் வைக்காத விதிகள், பெயர் தெரியாத புரோகிராம்களுக்கான அனுமதிகள், யாரோ சேர்த்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே ஒரு கருவிக்கு வழி விடும் அமைப்பு) இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஐபிவி4-இல் அமைதி, ஐபிவி6-இல் பதில்

ஐபிவி6 என்பது புதிய வகை ஐபி. அதைக் கொடுக்கும் இணைப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தமாகப் பொது முகவரி உண்டு. ரவுட்டர் தன் பின்னால் மறைத்து வைப்பதில்லை. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் என்று ஒன்று இருந்தால் அது ஆனில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரிலேயே தடுப்பது என்றால் மேலே 4-இல் சொன்ன விதியை ஐசிஎம்பிவி6 என்று தேர்ந்தெடுத்துத் தனியாகப் போட வேண்டும். பழைய விதி இதற்குச் செல்லாது.

சோதிக்கும்போது முகவரியில் கவனம். விண்டோஸ் ஒரு தற்காலிக ஐபிவி6 முகவரியையும் உருவாக்கி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். நேற்று குறித்த முகவரிக்கு இன்று அடித்துவிட்டு "நின்னுடுச்சு" என்று சந்தோஷப்படக் கூடாது.

எனக்கு இதில் பெரிய பதற்றம் இல்லை. ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் 64 பிட் பகுதியில் மட்டும் சுமார் 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள். அதில் உங்களுடையதை பிங் அடித்துத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

## அறிகுறி: பிங் நின்றது, ஆனால் வேறு ஏதோ கெட்டுப்போனது

எங்கள் தெருவில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஒருவர். மெயில் படிக்க முடிகிறது, வீடியோ ஓடுகிறது; பெரிய பிடிஎஃப் அட்டாச் செய்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இரண்டு பிரவுசர் மாற்றி, கேபிளும் மாற்றி, கடைசியில் லேப்டாப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஃபயர்வாலைத் திறந்தால் ஒரு தடை விதி, அதில் "ஆல் ஐசிஎம்பி டைப்ஸ்". ஏதோ வீடியோவைப் பார்த்துப் போட்டது.

பிங் ஐசிஎம்பியின் ஒரு வகை மட்டுமே: ஐபிவி4-இல் வகை 8, ஐபிவி6-இல் வகை 128. "உன் பாக்கெட் (டேட்டாத் துண்டு) பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கி அனுப்பு" என்று வழியில் இருக்கும் ரவுட்டர் சொல்லி அனுப்பும் சேதியும் ஐசிஎம்பிதான். பிபிபிஓஇ இணைப்பில் 1500 பைட் பாக்கெட் போகாது, 1492 வரைதான். அந்தச் சேதியையும் தடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் 1500-ஐயே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு நிற்கும். சின்னச் சின்ன வேலை நடக்கும், அப்லோட் தொங்கும். ஐபிவி6-இல் இன்னும் மோசம்: பக்கத்தில் இருக்கும் ரவுட்டரைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாக என்பதால், மொத்தமாகத் தடுத்தால் ஐபிவி6 இணைப்பே செத்துவிடும்.

விதியை எக்கோ ரிக்வெஸ்டுக்கு மட்டும் என்று திருத்தினோம், அட்டாச்மென்ட் போனது. அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

வேறு புகார்களும் வரும். வீட்டுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பிங் போகவில்லை என்றால் அது நீங்கள் போட்ட விதி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நெட் ரிப்பேருக்கு வரும் ஆள் "ஆபீஸ்ல இருந்து பிங் அடிச்சா உங்க லைன் டெட்டுன்னு காட்டுதே சார்" என்பார்; அவர் வேலை பார்க்கும் பத்து நிமிடத்துக்கு ரவுட்டரில் ஆன் செய்துவிட்டு அப்புறம் அணைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே அடிக்கும் பிங்குக்கு இந்தத் தடையால் பாதிப்பில்லை. அதுவும் நின்றுவிட்டால் எங்கோ தேவைக்கு மேல் தடுத்திருக்கிறீர்கள்.

## அறிகுறி: நிறுத்தி வைத்தது தானாகத் திரும்ப வந்துவிட்டது

கரண்ட் போய் வந்ததும் திரும்பினால், அமைப்பு சரியாகச் சேமிக்கப்படவில்லை. சில ஓஎன்டிகளில் அப்ளை கொடுத்தால் மட்டும் போதாது. "கமிட்" என்று தனியாக ஒரு மெனு இருக்கும், அதையும் அமுக்க வேண்டும். விண்டோஸில் திரும்பினால் பெரும்பாலும் புரொஃபைல் பிரைவேட்டுக்கு மாறியிருக்கும். ரவுட்டரை மாற்றினாலும் வைஃபை பெயரை மாற்றினாலும் விண்டோஸ் அதைப் புது இணைப்பு என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம், வீட்டில் யாராவது யெஸ் அமுக்கியிருப்பார்கள்.

ஓஎன்டியில் வாரத்துக்கு ஒரு தடவை மாறினால், நெட் கம்பெனி தூரத்திலிருந்து அமைப்புகளைத் தள்ளுகிறது. டிஆர்-069 என்ற முறை அதற்கென்றே இருக்கிறது. நீங்கள் மாற்ற மாற்ற அது பழையபடி ஆக்கும். அவர்களிடம் புகார் எண் வாங்கிப் பேசுங்கள், அல்லது மேலே சொன்ன பிரிட்ஜ் மோட்.

## அறிகுறி: "உங்க ஐபி பிங் ஆகுது, கம்ப்யூட்டர் ஹேக் ஆயிடுச்சு" என்று ஒருவர் போன் செய்கிறார்

வைத்துவிடுங்கள். அவர் உங்களையே கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, பிங் அடிக்க வைத்து, பதில் வருவதைக் காட்டி பயமுறுத்துவார். அடுத்ததாக எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஆப் ஏதாவது இறக்கச் சொல்வார். பிங்குக்குப் பதில் வருவது நோயின் அறிகுறி அல்ல, 8.8.8.8-கூடத்தான் நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே இறக்கி உள்ளே விட்டாயிற்று என்றால் நெட்டைத் துண்டியுங்கள், வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.